கீறல் விழுந்த ரெக்கார்டு

கே.ஏ. குணசேகரன் நினைவுப் பேருரை
குண்டூர் நாடு, கொல்லிமலை



எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கிறீர்கள். பாதிப் பேருக்கு இன்னும் தலைசுற்றல் தீரவில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது. எனவே எடுத்த எடுப்பில் கோட்பாட்டுக்குள் போகாமல், நம் எல்லோருக்கும் பழக்கமான ஒரு வசவிலிருந்து தொடங்குகிறோம்.

சாதியைப் பற்றி நாம் வாய் திறந்தால், "கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி சொன்னதையே சொல்றாங்கப்பா" என்பார்கள். விடுதியில் சொல்வார்கள், அலுவலகத்தில் சொல்வார்கள், முற்போக்கு என்று பலகை மாட்டிய இலக்கியக் கூட்டத்திலும் தேநீர் இடைவேளையில் சொல்வார்கள். இசைத்தட்டில் கீறல் விழுந்தால் ஊசி அடுத்த வரிக்குப் போகாது, ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் என்பது உண்மைதான். கீறலைப் போட்டது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இன்றைய உரை அந்தக் கீறலைப் பற்றியது. ஓடுகிற இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து எழுப்புகிற ஒலிக்கு ஸ்கிராட்ச் என்று பெயர். அதைப் பதிவு செய்த பிறகு, மிக்ஸிங்கில் அதன்மேல் எதை ஏற்றலாம், எதை ஏற்றக் கூடாது என்று பேசப்போகிறோம். நினைவுப் பேருரையில் இதென்ன சவுண்டு வேலை என்று மூத்த தோழர்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. குணசேகரன் சுளித்திருக்க மாட்டார்.

'வடு' எழுதியவராகவும் 'பலி ஆடுகள்' நாடக ஆசிரியராகவும் மாணவர்களுக்கு அவரைத் தெரியும். எங்களுக்கு அவர் முதலில் ஒரு குரல். இன்குலாபின் 'மனுசங்கடா' பாடலை அவர் குரலில்தான் கேட்டோம். மேடையில் கேட்டதைவிட ஒலிநாடாவில் கேட்டதே அதிகம். ஒரு நாடாவிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று டேப்ரெக்கார்டரில் படியெடுத்துப் படியெடுத்து வந்த குரல். ஒவ்வொரு படியிலும் இரைச்சல் கூடும். அந்தக் குரலோடு எத்தனை ஊர் கடந்து வந்தது என்ற கணக்கும் சேர்ந்தே ஒலிக்கும். 2016 சனவரியில் அவர் மறைந்தபோது நாங்கள் தேடி எடுத்துப் போட்டுக் கேட்டதும் இரைச்சலோடு இருந்த அந்த நாடாவைத்தான்.

கொஞ்சம் வரலாறு. 1925வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வருவதற்கு முன், பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் ஒரு பெரிய புனலுக்கு எதிரே நிற்பார்கள். புனலுக்குள் போன ஒலியின் வலுவே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். உரத்த தோற்கருவி என்றால் ஒலிப்பதிவாளருக்குக் கலக்கம். ஓங்கி ஓர் அடி விழுந்தால் ஊசி துள்ளிவிடும். அதனால் முரசை அறையின் கோடிக்குத் தள்ளுவார்கள், அல்லது வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். பிறக்கும்போதே தோலுக்குப் பயந்த இயந்திரம் இது.

ஐம்பது ஆண்டு கழித்து நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிப் பிள்ளைகள் அதே ஊசியை வேண்டுமென்றே துள்ளவிட்டார்கள். நெடுஞ்சாலை போடுவதற்காக ஏழைகளின் வீடுகளை இடித்துத் தள்ளிய பகுதி அது. 1973 ஆகஸ்டு 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூவில் 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில் தங்கை நடத்திய விருந்துக்குப் பாட்டுப் போட்டவர் கூல் ஹெர்க். பாட்டில் தாளம் மட்டும் தனித்து வரும் பகுதியை நீட்டுவதற்கு அவர் இரண்டு தட்டுகளைக் கையாண்டார். சில ஆண்டுகளில் தியோடர் என்ற பள்ளிப் பையன், அம்மா அதட்டியதும் ஓடுகிற தட்டைக் கையால் பிடித்தான். பிடித்த கை அசைந்தது. அந்த ஒலி அவனுக்குப் பிடித்துப்போனது. ஸ்கிராட்ச் பிறந்த கதையாக அவர் சொல்வது இதுதான். 1981இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் பிறருடைய தட்டுகளையே வாத்தியமாக்கி ஒரு தட்டு வெளியிட்டார். 1983இல் ஹெர்பி ஹான்காக்கின் 'ராக்கிட்' வந்தபின் உலகமே அந்த ஒலியைக் கேட்டது.

காசு கொடுத்து வாங்கிச் சும்மா உட்கார்ந்து கேட்பதற்கென்று விற்கப்பட்ட பெட்டியை அவர்கள் வாசிக்கும் கருவியாக்கினார்கள். கறுஞ்சிறுத்தைகளைப் பார்த்து 1972இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் பெயர் சூட்டிக்கொண்டதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். அதே ஆண்டுகளில் அதே கறுப்பின மக்கள் ரெக்கார்டு பிளேயரை வைத்துச் செய்ததை நாம் கவனிக்கவில்லை. துண்டறிக்கையை மட்டும் அரசியல் என்று நினைத்துவிட்டோம்.

ஹெர்க் பிறந்தது ஜமைக்காவின் கிங்ஸ்டனில். அங்கே கிங் டப்பி என்று ஒருவர், தொழில் ரேடியோ பழுதுபார்ப்பது. பதிவான பாட்டை எடுத்து, குரலை நீக்கி, ஒற்றை அடியை மட்டும் எக்கோவுக்குள் தள்ளி, அது தேய்ந்து மறையும்வரை விடுவார். அப்படிப் பிறந்த இசைக்கு டப் என்று பெயர். மிக்ஸரும் வாத்தியம்தான் என்று காட்டியவர்களில் அவர் முன்னோடி. எங்களில் மூன்று பேர் மைக் செட் கடையில் வேலை பார்த்தவர்கள். அவரைப் பற்றிப் படித்தபோது, 'அட, இவரு நம்ம ஆளு' என்றுதான் தோன்றியது.

இனி குண்டூர் நாட்டுக்கு வருவோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில், இதே கூடத்தில் ஒலிப்பதிவு முகாம் நடத்தினோம். ஏன் மலை என்றால், நாமக்கல் பக்கத்தில் லாரிச் சத்தம் இல்லாத அரைமணி நேரம் கிடைக்காது. இங்கே இரவில் பூச்சிச் சத்தம் மட்டும்தான். அடிவாரத்துச் சேரியிலிருந்து பறை அடிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். இந்த அச்சில் அவரை ஐயா என்றே குறிப்பிடுகிறோம். அவர் பெயர் எங்கே இருக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

ஐயா இளவயதிலிருந்தே சாவுக்கு அடித்தவர். ஒருநாள் நிறுத்திவிட்டார். அடிக்க மாட்டேன் என்று சொல்லும் குடும்பத்துக்கு ஊர் என்ன செய்யும் என்பதை இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பத்தாண்டு பறை பரணில் கிடந்தது. "சாவுக்கு இல்லீங்க ஐயா, மேடைக்கு" என்று சொல்லி இறக்க வைத்தது எங்கள் பிள்ளைகள். அன்று எங்களுக்குள்ளேயே பெரிய சண்டை. விட்டெறிந்ததுதான் விடுதலை, திரும்ப ஏன் தூக்கி மாட்ட வேண்டும் என்றது ஒரு பக்கம். தலைநிமிர்ந்து தூக்கினால்தான் இழிவு கழியும் என்றது மறுபக்கம். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. தீர்த்தே ஆக வேண்டும் என்றும் நாங்கள் நினைக்கவில்லை.

இந்த மலை கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. பனி தோலைத் தளர்த்திவிடும். கீழே ஒருமுறை காய்ச்சினால் நெடுநேரம் தாங்குகிற பறை, இங்கே இரண்டு சுற்று அடிப்பதற்குள் சத்தம் செத்துப்போனது. கூடத்து வாசலில் தீ மூட்டினோம். தீயைப் பார்த்துக்கொள்ள இந்த நாட்டு மலையாளிப் பழங்குடிப் பையன் ஒருவன் வந்தான். தோல் இறங்கும்போதெல்லாம் ஐயா அடியை நிறுத்தி, பறையை அவனிடம் நீட்டி, "காட்டு கண்ணு" என்பார். அவன் தீயில் காட்டித் திருப்பித் திருப்பிச் சூடேற்றித் தருவான். சுண்டுகுச்சியால் ஒருமுறை தட்டிப் பார்ப்பார். விறைத்திருந்தால் தலையசைப்பார். காய்ந்த பறையில் வேகம் கூடும், தளரத் தளரக் குறையும்.

இந்த மலையை ஆண்ட ஓரி, இரந்து வந்தவர்களுக்கு யானை கொடுத்தான் என்று வன்பரணர் பாடியிருக்கிறார். அவரோடு ஏறி வந்த கலைஞர்களின் தோலும் இந்தக் குளிரில் தளர்ந்திருக்குமே, விறகு யார் கொடுத்தார்கள் என்று அன்று ஒரு தோழர் கேட்டார். புலவர் அதைச் சொல்லவில்லை.

மூன்று இரவு பதிவு செய்தோம். பிறகுதான் தவறு நடந்தது. பதிவை நகரத்து ஒலிக்கூடம் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். பெயர் வேண்டாம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, தெரிந்த வேலையைச் செய்தார்கள். தீயின் சடசடப்பை இரைச்சல் என்று நீக்கினார்கள். வேகம் கூடிக் குறைந்ததைப் பிசகு என்று கட்டத்துக்குள் நேராக்கினார்கள். "காட்டு கண்ணு" எல்லாவற்றையும் வெட்டினார்கள். அடியின் முனையைக் கம்ப்ரஸரால் மழுக்கி, அதன்மேல் பெரிய ரிவெர்பை ஊற்றினார்கள். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து 'ஆகா' என்றோம். சினிமா மாதிரி இருந்தது. ஊருக்கு வந்ததும், கணினியில் இடம் போதவில்லை என்று மூலப் பதிவுகளை அழித்தோம். அழித்தது நாங்கள்தான், ஒலிக்கூடம் இல்லை.

அடுத்த ஆண்டு ஐயா இறந்துவிட்டார். வருட நினைவு நாளில் படத்துக்கு முன்னால் அந்தப் பதிவை ஒலிக்கவிட்டோம். அவர் மகள் கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: "அப்பா அடிதான் அண்ணா. ஆனா கோயில் மண்டபத்துக்குள்ள அடிச்ச மாதிரி இருக்கு. எங்கப்பாவ எந்த மண்டபத்துக்குள்ள விட்டாங்க?"

எங்களிடம் பதில் இல்லை. ரிவெர்ப் என்பது ஓர் இடம். ஒலி சுவரில் மோதித் திரும்பும் விதத்தை வைத்து, எந்த அளவு அறை, என்ன சுவர், எவ்வளவு உயரம் என்று நம் காது கணக்குப் போடும். மென்பொருளில் ரிவெர்பைத் திறந்தால் ஹால், சர்ச், கதீட்ரல் என்று பட்டியல் வரும். தெருமுனையில், வயல் வரப்பில், சுடுகாட்டுப் பாதையில் அடிக்கப்பட்ட ஒலியை எங்கே கொண்டுபோய் வைப்பது? வெட்டவெளியில் ஒலி திரும்பி வராது. பறை அந்த வெளிக்கென்றே உருவான கருவி. அதை நுழைய விடாத மண்டபத்துக்குள், அது கேட்காமலேயே, ஒரு பொத்தானை அழுத்தி நாங்கள் உட்கார வைத்திருந்தோம்.

மூலம் எங்காவது கிடைக்குமா என்று தேடினோம். தீயைப் பார்த்துக்கொண்ட பையன் அன்றிரவு தன் கைப்பேசியில் பதிவு செய்திருந்தான். பதினோரு நிமிடம். ஓரமாக இருந்து எடுத்தது. பறையைவிடத் தீயும் யாருடைய இருமலோ கிட்டத்தில் கேட்கும். ஆனால் ரிவெர்ப் இல்லை. "காட்டு கண்ணு" நான்கு இடத்தில் முழுதாக இருந்தது. இன்று மாலை நீங்கள் கேட்கப்போகும் பதிவு அந்தப் பதினோரு நிமிடத்திலிருந்து செய்தது.

மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், இனி வருவது வேலை. எங்களிடம் டர்ன்டேபிள் இல்லை, விலைக்குக் கட்டாது. பழசாக வாங்கிய சின்ன கன்ட்ரோலர்தான். இரண்டு பக்கமும் சுழல்தட்டு, நடுவில் ஒலியைத் திறந்து மூடும் கிராஸ்ஃபேடர். ஒலி கணினிக்குள் இருக்கும், கை தட்டின்மேல் இருக்கும். ஸ்கிராட்சுக்கு எல்லா ஒலியும் வளையாது. வெடித்துத் தொடங்கி, நீண்டு, சட்டென்று அடைபட வேண்டும். உலகத்து டீஜேக்கள் 1982இல் வந்த 'சேஞ்ச் தி பீட்' என்ற தட்டின் முடிவில் வரும் 'ஆ', 'ஃப்ரெஷ்' என்ற இரண்டு ஒலியை இன்றுவரை தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஐயாவின் 'காட்டு' அதற்குச் சளைத்ததல்ல. 'க்' வெடிக்கிறது, 'ஆ' நீள்கிறது, 'ட்' கதவைச் சாத்துகிறது.

தட்டை முன்னே தள்ளினால் சொல், பின்னே இழுத்தால் அதன் தலைகீழ். ஃபேடரை மூடித் திறப்பதில் துண்டுகள் பிறக்கும். தாளம் இருப்பது துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில். பறையிலும் அடிக்குச்சிக்கும் சுண்டுகுச்சிக்கும் நடுவில் கை காத்திருக்கும் நேரத்தில்தான் ஆட்டம் இருக்கிறது. எஃபெக்ட் போடும்போது முதலில் சாவது அந்த இடைவெளிதான். எங்கள் மிக்ஸிங் முழுவதும் அதைக் காப்பாற்றுகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிராட்சைப் பதிவு செய்யும்போது 24 பிட்டில், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் எடுத்தோம். கைப்பேசிப் பதிவில் காற்றும் கையசைவும் உறுமின. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினோம். தட்டை வேகமாக இழுக்கும்போது 3,000 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில் ஒலி காதைக் குத்தும். பறையின் 'சுள்'ளென்ற முனையும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. இரண்டும் முட்டிக்கொண்டால் ஸ்கிராட்சை இரண்டு மூன்று டெசிபல் இறக்குங்கள், பறையைத் தொடாதீர்கள். கம்ப்ரஸர் போட்டே தீர வேண்டும் என்றால் அட்டாக் நேரத்தைப் பாருங்கள். ஒரு மில்லிசெகண்ட் என்று வைத்தால் அடி விழுந்தவுடன் அதன் கழுத்தைப் பிடித்துவிடும். 25, 30 என்று வைத்தால் முனை வெளியே வந்தபிறகுதான் பிடிக்கும். ஒலிக்கூடத்தில் நடந்தது முதலாவது.

எக்கோவுக்கு ஒரு கணக்கு உண்டு. 60,000ஐப் பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஓர் அடியின் நீளம் மில்லிசெகண்டில் வரும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் 500. இந்தக் கணக்கு ஐயாவிடம் பலிக்கவில்லை. தீக்கு ஏற்றபடி அவர் வேகம் ஏறி இறங்கும். அவரை நேராக்கக் கூடாது என்று முன்பே பட்டுவிட்டோம். எனவே எக்கோவை அவருக்குப் பின்னால் போகவிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் காதால் கேட்டு மாற்றினோம். எல்லாத் துண்டுக்கும் எக்கோ கொடுத்தால் இடைவெளி தூர்ந்துபோகும். சுற்றின் கடைசித் துண்டுக்கு மட்டும் தனித் தடத்தில் அனுப்பினோம். கிங் டப்பி கையால் செய்ததை நாங்கள் மௌஸால் செய்தோம், அவ்வளவுதான்.

ரிவெர்ப் வேண்டவே வேண்டாம் என்று ஒரு பக்கம் சொன்னார்கள். வறண்ட ஸ்கிராட்ச் பறைக்குமேல் ஒட்டவைத்த காகிதம் மாதிரி நின்றது. அதனால் மறுபடியும் இங்கே வந்தோம். இந்த வாசலில் நின்று பலூன் உடைத்து, அதன் ஓசை திரும்பி வருவதைப் பதிவு செய்தோம். கான்வல்யூஷன் என்ற முறையில் அந்தப் பதிவையே ரிவெர்பாக மாற்றலாம். எதிர்ச்சரிவிலிருந்து பதில் வருவதற்கு ஏறக்குறைய ஒரு செகண்ட் ஆனது. ஒலி செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் போகும். போய்த் திரும்ப ஒரு செகண்ட் என்றால் சரிவு 170 மீட்டர் தள்ளி இருக்கிறது. இப்போது ஐயாவின் கடைசி 'காட்டு' போய் மோதித் திரும்புவது அந்தச் சரிவில். பறைக்கு எதுவும் போடவில்லை. தீயின் சடசடப்பை ஒரு டெசிபல் ஏற்றினோம், அது ஒன்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்ட உரிமை.

இன்னொரு கேள்வி இருந்தது. இறந்தவர் குரலைப் பிடித்துப் பின்னால் இழுக்கலாமா? கன்ட்ரோலரோடு மகளின் வீட்டுக்குப் போனோம். "அப்பா பேச்சத் தலைகீழா ஓட்டுறது மரியாதையா அண்ணா?" என்று கேட்டார். விளக்கிப் பார்த்தோம், எங்களுக்கே திருப்தியில்லை. அவர் எழுந்து வந்து தட்டின்மேல் கை வைத்தார். கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தார். "இது பறையத் தீயில காட்டித் திருப்புற மாதிரி இருக்குது" என்றார். பிறகு நிபந்தனைகள் சொன்னார். தொடக்கத்தில் அப்பா பெயரையும் ஊரையும் அவரே சொல்வார். அப்படியே சொல்லியிருக்கிறார், மாலையில் அவர் குரலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தீயை எடுக்கக் கூடாது. சாவு வீட்டில் போடக் கூடாது, அப்பா விட்டுவிட்டு வந்த இடம் அது. நான்காவதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. 'காட்டு'வை எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கலாம், 'கண்ணு'வைத் தொடக் கூடாது. "அது அந்தப் பையனக் கூப்பிட்டது" என்றார்.

2018 சனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் மேடையேறியது நினைவிருக்கும். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசர் வழங்கிய 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். கானாவும் ராப்பும் பறையும் மின்கிதாரும் ஒரே மேடையில் நின்றன. அதன்பின் நம் பிள்ளைகள் பலர் கையில் மென்பொருள் வந்துவிட்டது, மகிழ்ச்சி. கூடவே நம் தோற்கருவிகளின் ஒலித்துணுக்குகளும் தொகுப்பாக விலைக்கு வருகின்றன. விசையைத் தட்டினால் அடி கேட்கும். யாருடைய கை, எந்த ஊர், அவர் அதற்குச் சம்மதித்தாரா என்பது அந்தக் கோப்பில் இருக்காது. தோழர்கள் பதிவு செய்யும்போது கோப்பின் பெயரிலேயே அடித்தவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதுங்கள். எஃபெக்ட் எதுவானாலும் படியின்மேல் போடுங்கள், மூலத்தின்மேல் கை வைக்காதீர்கள். நாங்கள் பட்டது போதும்.

அந்தப் பதினோரு நிமிடத்துக்கு இப்போது மூன்று படி இருக்கிறது. ஒன்று மகளிடம், ஒன்று நம் மன்றத்தில், ஒன்று இங்கே பதிவு செய்த பையனிடம். அவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். மாலையில் கன்ட்ரோலரில் உட்காரப்போவது அவன்தான்.

நாளைக் காலை எட்டு மணிக்கு இதே வாசலில் பதிவுப் பயிற்சி. இரண்டு பறை வருகிறது. ஹெட்போன் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். பனி இப்போதே இறங்கத் தொடங்கிவிட்டது, இருக்கிற விறகு போதாது. வரும்போது கையில் கிடைத்த சுள்ளியைப் பொறுக்கிக்கொண்டு வாருங்கள்.